பழைய கை பிரேஸ் எந்தக் கம்பெனி? கண்டுபிடிக்கும் வழி

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, தருமபுரி, ஓசூர் பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலோ, இல்லை தாத்தா ஆசாரியாக இருந்த வீட்டுப் பரண் மேலோ உங்களுக்கு ஒரு பிரேஸ் கிடைத்திருக்கும். கரண்ட் டிரில் வருவதற்கு முன்னால் கதவு நிலைக்கும் கட்டில் காலுக்கும் துளை போட்டது இதில்தான். மேலே நெஞ்சு வைத்து அழுத்த ஒரு மரக்குமிழ், நடுவில் ப மாதிரி வளைந்த இரும்புக் கம்பி, அந்த வளைவில் சுழலும் மரப்பிடி, அடியில் பிட்டை, அதாவது துளை போடும் முனையை, கவ்வும் சக். அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் இந்த நாலு பாகத்தையும் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் செய்திருக்கிறது, அதனால்தான் எழுத்து அழிந்துபோன பிரேஸைக்கூட ஓரளவுக்கு இன்னாருடையது, இன்ன காலத்தது என்று சொல்ல முடிகிறது.

கையில் எடுத்ததும் எல்லோரும் பெயர் எங்கே என்றுதான் தேடுகிறார்கள். நான் சொல்கிற வரிசை தலைகீழ். முதலில் சக், அப்புறம் ராட்செட் என்ற பல் சக்கரம், குமிழ், அளவு, கடைசியில்தான் எழுத்து. ஏனென்றால் பிரேஸின் மேல் இருக்கும் எழுத்தெல்லாம் செய்தவன் பெயர் கிடையாது. வாங்கியவன் பெயர் இருக்கும், விற்ற கடையின் பெயர் இருக்கும், சர்க்கார் இலாகாவின் முத்திரை இருக்கும், சில சமயம் மாட்டியிருக்கும் பிட்டின் மேல் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு அதுதான் பிரேஸின் பெயர் என்று நினைத்துக்கொள்வோம். இரும்பின் அமைப்பு என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்தால், எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்பது தானாகப் புரியும்.

சுத்தம் செய்யும்போது

கிரைண்டரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். வயர் வீல் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டு "அண்ணா, இதில் பெயரே இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் இருந்திருக்கும், வீலோடு போயிருக்கும். இந்த முத்திரைகள் ரொம்ப மேலோட்டமாக அடிக்கப்பட்டவை, அதிலும் நிக்கல் பூசிய பிரேஸில் எழுத்து அந்தப் பூச்சோடு சேர்ந்தே உரிந்துவிடும்.

மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் டீசல் போதும். இரும்புப் பாகத்தில் மட்டும் தடவி ஒரு ராத்திரி விடுங்கள், மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் போய்விடும், பிடிவாதமான துருவுக்கு மட்டும் மென்மையான பித்தளைக் கம்பி பிரஷ். நம்ம பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை, குத்துவிளக்குத் தேய்த்த கையோடு இதையும் புளித்தண்ணீரில் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். புளிப்பு துருவைத் தின்பது போலவே முத்திரையின் விளிம்பையும் தின்னும், ஊறவிட்டு மறந்துவிட்டால் எழுத்து மழுங்கிவிடும்.

எழுத்து இருக்கிற மாதிரி தெரிந்து படிக்க முடியவில்லை என்றால், அந்த இடத்தில் கொஞ்சம் விபூதியையோ சாக்பீஸ் தூளையோ தேய்த்துவிட்டு மேலாகத் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். அறையை இருட்டாக்கி செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட இரும்போடு ஒட்டின மாதிரி சாய்த்து அடித்தால் நேராக அடிப்பதைவிடப் பத்து மடங்கு நன்றாகத் தெரியும். அதிலும் தெரியாவிட்டால் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பது, நாணயத்துக்குச் செய்வோமே அதுதான். கம்பி உருண்டையாக இருப்பதால் எழுத்து சுற்றி வளைந்து போகும், கண்ணுக்கு ஒரே நேரத்தில் முழுசாகத் தெரியாது. தாளில் எடுத்தால் நேராக விரிந்து கிடைக்கும்.

சக்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பிட்டின் அடிப்பாகம் சதுரமாக, நுனியை நோக்கிக் கூம்பி இருக்கும். அந்தச் சதுரத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதுதான் பிரேஸ் செய்தவர்களின் நூறு வருஷத்துத் தலைவலி. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு வழியும் ஒரு காலத்தின் அடையாளம்.

வெறும் சதுரக் குழி, பக்கத்தில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் கொக்கி விலகும் என்றால், அது இங்கிலாந்துப் பாணி, பெரும்பாலும் அங்கே ஷெஃபீல்டு ஊரில் செய்தது. அந்தக் கொக்கி மாட்டுவதற்காக பிட்டின் சதுரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். உங்களிடம் இருக்கும் பழைய பிட்டுகளில் அப்படி வெட்டு இருந்தால், பிரேஸ் தொலைந்துபோயிருந்தாலும் அந்த வீட்டில் ஒரு காலத்தில் ஷெஃபீல்டு பிரேஸ் இருந்தது என்று அர்த்தம். இந்த வகையில் உடம்பே மரமாக, மேலே பித்தளைத் தகடு பதித்ததும் உண்டு. பித்தளைச் சட்டத்துக்குள் கருங்காலி மரத்தை நிரப்பிச் செய்த 'அல்டிமேட்டம்' என்ற வகைதான் இதில் உச்சம், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷெஃபீல்டின் வில்லியம் மார்ப்பிள்ஸ் கம்பெனி விற்றது. அப்படி ஒன்று பரணில் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்காரரிடம் காட்டிவிடாதீர்கள், பித்தளை விலைக்குத் தூக்கிவிடுவார். மரப் பிரேஸில் பெயர் இருந்தால் குமிழின் கழுத்தில் உள்ள பித்தளை வளையத்திலோ, தகட்டிலோ, சக் பித்தளையிலோ இருக்கும்.

சக் இரண்டாகப் பிளந்தது போல இருந்து, குறுக்கே ஒரே ஒரு பெரிய காது வைத்த ஸ்குரூ இருந்தால், அந்த ஸ்குரூவைத் திருகினால் பிளவு நெருங்கி பிட்டை இறுக்கினால், அது ஸ்பாஃபர்டு சக். நெல்சன் ஸ்பாஃபர்டு என்பவர் 1859 நவம்பர் 1இல் வாங்கிய அமெரிக்கப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை. இதை வருஷக்கணக்காகச் செய்து விற்றது கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஜான் எஸ். ஃப்ரே கம்பெனி. பிடியின் மரத்தில் வெள்ளீய வளையங்கள் பதித்திருந்தால் ஃப்ரே என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, மற்றவர்களும் பதித்தார்கள். ஃப்ரேயைப் பின்னாளில் ஸ்டான்லி என்ற பெரிய அமெரிக்கக் கருவிக் கம்பெனி வாங்கிக்கொண்டது. ஒரே சாயலில் இருக்கிற பிரேஸில் ஒன்றில் ஃப்ரே, இன்னொன்றில் ஸ்டான்லி என்று இருந்தால் குழம்ப வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது வகையாகத்தான் இருக்கும். வெளியே சொரசொரப்பாகக் கோடு போட்ட உருளை ஓடு, அதைக் கையால் சுற்றினால் உள்ளே இரண்டு தாடை நெருங்கும். இது பார்பர் சக். வில்லியம் பார்பர் இதற்குப் பேட்டன்ட் வாங்கியது 1864 மே 24. அந்த உரிமையை வைத்து பிரேஸ் செய்து பெரிதானதுதான் மாசசூசெட்ஸின் மில்லர்ஸ் ஃபால்ஸ் கம்பெனி. அந்தக் காலத்து அமெரிக்கப் பேட்டன்டுக்கு ஆயுள் 17 வருஷம், ஆக 1881இல் முடிந்தது. முடிந்ததும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று எல்லோரும் இதையே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், பின்னாளில் நம்ம ஜலந்தர்வரை வந்துவிட்டது. அதனால் பார்பர் சக் இருப்பதை வைத்துக் கம்பெனி சொல்ல முடியாது. அதற்கு அந்த உருளை ஓட்டைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும்.

கழற்றுவது சுலபம். கீழே ஒரு துணி விரித்துக்கொண்டு ஓட்டை இடமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள், முழுசாக வெளியே வந்துவிடும், தாடைகள் கையில் விழும். துணி எதற்கென்றால் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும், சிமென்ட் தரையில் அதைத் தேடுவது பெரிய வேலை. இப்போது தாடையைப் பாருங்கள். உள்பக்கம் வழவழப்பாக, சதுரத்தின் மூலை உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தால் பழைய பாணி, சதுர பிட்டை மட்டும்தான் பிடிக்கும். முதலைப் பல் மாதிரி வெட்டு வெட்டாக இருந்து ஒரு தாடையின் பல் இன்னொன்றின் பல்லுக்குள் போய் உட்கார்ந்தால் அது பிந்தியது, உருண்டைத் தண்டு பிட்டையும் பிடிக்கும். தாடை மட்டும் முரட்டு வார்ப்பாக, அரம் போட்ட தடம்கூட இல்லாமல், மணல் வார்ப்பின் சொரசொரப்போடு இருந்தால் அது மலிவு விலைப் பிரேஸ், அல்லது நடுவில் யாரோ மாற்றியது. மேல்நாட்டு நல்ல கம்பெனிக்காரர்கள் தாடையைக் கடைசல் போட்டு நன்றாகவே செய்திருப்பார்கள்.

ஓட்டின் மேல் வளையமாக எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அந்த எழுத்தும் கம்பியில் இருக்கும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். ஓடும் தாடையும் தேயும், தொலையும், அடுத்த பிரேஸிலிருந்து கழற்றி மாட்டுவது எந்த ஆசாரிப் பட்டறையிலும் சகஜம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் கம்பியில் இருப்பதை நம்புங்கள், கம்பியை யாரும் மாற்றுவதில்லை.

ராட்செட், குமிழ், மரம்

ராட்செட் என்பது சுவர் ஓரத்தில், முழுச் சுற்றுச் சுற்ற இடம் இல்லாத இடத்தில், முன்னும் பின்னும் ஆட்டியே துளை போட உதவும் பல் சக்கரம். இல்லாத பிரேஸும் உண்டு, இல்லை என்பதற்காகப் பழையது என்று சொல்லிவிட முடியாது, விலை குறைந்தவற்றில் கடைசிவரை ராட்செட் வைக்கவில்லை. இருக்கும்போது பாருங்கள்: பல்லும் அதில் மாட்டும் நாக்கும் வெளியே திறந்து தெரிகிறதா, இல்லை மூடிய கூட்டுக்குள் இருக்கிறதா. மூடியது பொதுவாக உயர்ந்த விலை, பிந்திய காலம். பிலடெல்ஃபியாவின் நார்த் பிரதர்ஸ் கம்பெனி 'யாங்கி' என்ற பெயரில் செய்த 2101 இந்த வகையில் பேர்போனது, 1946இல் அந்தக் கம்பெனியையும் ஸ்டான்லி வாங்கிவிட்டது.

குமிழையும் பிடியையும் வைத்து முடிவு செய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, காரணம் நம்ம ஊர்தான். வெளிநாட்டிலிருந்து வரும்போது ரோஸ்வுட்டோ, கொகொபோலோ என்ற சிவந்த மத்திய அமெரிக்க மரமோ, சாயம் பூசிய பீச் மரமோ இருந்திருக்கும். அது வெடித்துப் போனதும் ஆசாரி சும்மா இருப்பாரா, கையில் இருந்த கருவேலத்தையோ வேம்பையோ புளியமரத்தையோ கடைந்து மாட்டியிருப்பார், அதுவும் ஒரிஜினலைவிட உறுதியாக. கண்டுபிடிக்க, குமிழைத் திருப்பி அடியில் இருக்கும் இரும்புத் தட்டைப் பாருங்கள். அதை மரத்தோடு பிடிக்கும் சின்ன ஸ்குரூக்களின் தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழசாக இருக்கலாம், 1930களுக்கு முந்திய பிரேஸில் கூட்டல் குறி இருந்தால் மாற்றியது என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தக் கூட்டல் தலை ஸ்குரூ 1930களின் நடுவில்தான் சந்தைக்கே வந்தது. தட்டின் துளைகளோடு ஒத்துப்போகாமல் மரத்தில் பழைய துளைகள் வேறு இடத்தில் தெரிந்தாலும் அதே கதைதான்.

பூச்சு கொஞ்சம் உதவும். நிக்கல் என்றால் லேசான மஞ்சள் சாயலோடு மங்கலாக மின்னும், குரோம் என்றால் நீலச் சாயலில் கண்ணாடி மாதிரி இருக்கும். குரோம் பூச்சு கருவிகளில் பரவியது 1920களின் கடைசிக்கு அப்புறம்தான், ஆக குரோம் பிரேஸைக் காட்டி யாராவது வெள்ளைக்காரத் துரை காலத்து 1890 சரக்கு என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவு

இதில் ரொம்ப நேரம் வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாது. குமிழின் நடுவிலிருந்து சக் நடுவுக்கு ஒரு நேர்கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து பிடியின் நடுவரை டேப்பில் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் பிடி சுழலும் வட்டத்தின் அகலம். 6, 8, 10, 12, 14 அங்குலம் என்று வரும், 10தான் அதிகம். கம்பெனிகள் இந்த அளவை மாடல் எண்ணோடு சேர்த்தே அடிப்பார்கள். ஸ்டான்லி 923-10 என்றால் 923 மாடல், 10 அங்குலம். மில்லர்ஸ் ஃபால்ஸ் வேறு மாதிரி, எண்ணின் கடைசி இலக்கத்திலேயே அளவை ஒளித்துவைப்பார்கள்: 731 என்றால் 12 அங்குலம், 732 என்றால் 10, 733 என்றால் 8. எழுத்து பாதி அழிந்து '73' மட்டும் தெரிந்தால், டேப் எடுத்து அளந்து மிச்ச இலக்கத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அளவு அங்குலத்தில் இல்லாமல் 250 மி.மீ. என்று அடித்திருந்து, மேலே இந்தியா என்றும் இருந்தால், நம்ம நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956, அதற்கு அப்புறம்தான் செய்திருக்க முடியும்.

இப்போது எழுத்து

தேட வேண்டிய இடங்கள்: சக் முடிந்து கம்பி வளையத் தொடங்குகிற நேரான பாகம் (முதலில் இங்கே), சக் ஓடு, ராட்செட் வளையம், குமிழுக்கு அடியில் இருக்கும் கழுத்து. கம்பியை முழுசாகச் சுற்றிப் பாருங்கள்.

பேட்டன்ட் தேதி கிடைத்தால் அதிர்ஷ்டம். 1920களின் நடுவரை அமெரிக்கர்கள் பேட்டன்ட் எண்ணுக்குப் பதிலாகத் தேதியை அடித்தார்கள், 1927 வாக்கில் சட்டம் மாறி எண் கட்டாயமானது. எண் இருந்தால் ஒரு மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பத்து லட்சமாவது பேட்டன்ட் 1911, இருபது லட்சமாவது 1935, முப்பது லட்சமாவது 1961. ஏழு இலக்கத்தில் 2 என்று ஆரம்பித்தால் 1935க்கும் 1961க்கும் நடுவில் என்று உடனே சொல்லிவிடலாம். தேதி இருந்தால் இன்னொரு உபாயம். அமெரிக்கப் பேட்டன்ட் செவ்வாய்க்கிழமைதோறும்தான் வெளியாகும், நம்ம காரிமங்கலம் சந்தை கூடுகிற அதே கிழமை. தேய்ந்துபோன தேதியில் 1864ஆ 1861ஆ 1884ஆ என்று சந்தேகம் வந்தால் செல்போன் காலண்டரில் அந்த நாள் என்ன கிழமை என்று பாருங்கள். 1864 மே 24 செவ்வாய், 1861 மே 24 வெள்ளி, 1884 மே 24 சனி. முடிந்தது.

தேதி கிடைத்ததும் கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டால் படத்தோடு வரும், அமெரிக்கக் கருவிப் பேட்டன்டுகளுக்கென்றே டேட்டாம்ப் என்று ஒரு தொகுப்பும் இருக்கிறது. படத்தில் இருக்கும் தாடையையும் உங்கள் கையில் இருக்கும் தாடையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு தனி சுகம். ஆனால் ஒன்று, பேட்டன்ட் தேதி என்பது பிரேஸ் செய்த தேதி இல்லை, அதற்கு முந்தையது இல்லை என்பது மட்டும்தான் நிச்சயம். அடித்த அச்சை மாற்றச் சோம்பல்பட்டு இருபது வருஷம் அதே தேதியை அடித்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. பேட்டன்ட் ஒருவர் பெயரில் இருக்கும், செய்தது வேறொரு கம்பெனியாக இருக்கும், பார்பர் மில்லர்ஸ் ஃபால்ஸ் கதை போல.

நாட்டின் பெயர் இருந்தால் காலத்தை நெருக்கலாம். இங்கிலாந்தில் 1887இலும் அமெரிக்காவில் 1890இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் வெளிநாட்டுச் சரக்கில் நாட்டுப் பெயர் போடுவது வழக்கமானது. டி.ஆர்.ஜி.எம். என்று நாலு எழுத்து இருந்தால் ஜெர்மனி, 1891க்கு அப்புறம், இரண்டாம் உலகப் போர்வரை. மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவில். இங்கிலாந்துப் பொருளில் வைர வடிவக் கட்டத்துக்குள் சின்னச் சின்ன எழுத்து இருந்தால் 1842 முதல் 1883 வரையிலான டிசைன் பதிவு, அதற்குப் பதில் ஆர்.டி. என்று போட்டு ஒரு எண் மட்டும் இருந்தால் 1884க்குப் பிறகு. மூன்று இலைச் சின்னம் இருந்தால் மார்ப்பிள்ஸாக இருக்கலாம், அது அவர்கள் வியாபாரக் குறி. ஸ்டான்லியில் இதய வடிவத்துக்குள் எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துகள் இருந்தால் 1920இலிருந்து 1930களின் நடுவரை. 'ஹேண்டிமேன்' என்றிருந்தால் போருக்குப் பிந்தைய, வீட்டு உபயோகத்துக்கான மலிவு வரிசை. ஸ்டான்லி என்ற பெயரோடு இங்கிலாந்து என்றிருந்தாலும் போலி என்று நினைக்காதீர்கள், 1930களின் பிற்பாதியில் ஷெஃபீல்டின் சாப்மன் கம்பெனியை ஸ்டான்லி வாங்கி அங்கேயே செய்ய ஆரம்பித்தது. பெக்ஸ்டோ என்றால் கனெக்டிகட்டின் பெக், ஸ்டோ அண்ட் வில்காக்ஸ். குடெல் பிராட் என்றால் 1930களின் தொடக்கத்துக்கு முன்னால், அப்புறம் அது மில்லர்ஸ் ஃபால்ஸோடு சேர்ந்துவிட்டது. கிராஃப்ட்ஸ்மேன், டன்லப் இரண்டும் அமெரிக்காவின் சியர்ஸ் கடை விற்ற சரக்கின் பெயர்கள், சியர்ஸ் எதையும் தானே செய்யவில்லை, உண்மையில் செய்தவர் யார் என்று தெரிய மறுபடி சக் பக்கம்தான் போக வேண்டும்.

பிட் விஷயம் முன்னாலேயே சொன்னேன். ரஸ்ஸல் ஜென்னிங்ஸ், இர்வின், ரிட்ஜ்வே என்று படித்தால் முதலில் அது பிட்டின் தண்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இவர்களெல்லாம் பிட்டுக்குப் பேர் போனவர்கள். அதே தண்டில் 8 என்று ஒரு எண் இருந்தால் அது மாடல் எண் இல்லை, பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலத் துளை.

இனி நம்ம ஊர்க் குறிகள். அம்பு முனை மாதிரி மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்ந்திருந்தால் அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்து என்ற குறி, கம்பெனி முத்திரை இல்லை. எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே, எம்.எஸ்.எம். என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய அகல ரயில் பாதை வந்து ஓசூர்வரை நீண்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கழற்றி எடுக்கப்பட்டது நம்மில் பலருக்கு மறந்தே போய்விட்டது, அதனால் ரயில்வே எழுத்தைப் பார்த்தால் "இங்கே ஏது ரயில் பட்டறை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். பி.டபிள்யூ.டி. என்றிருந்தால் பொதுப்பணித்துறை, 1950களில் கிருஷ்ணகிரி அணை கட்டிய மாவட்டம் இது. புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து என்றால் வைத்திருந்தவர் பெயர், எவர்சில்வர் பாத்திரத்தில் வெட்டுவோமே அதே பழக்கம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் அது தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கும், ஏதோ வெளிநாட்டு முத்திரை என்று படம் எடுத்து அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இந்தப் பெயர்களையெல்லாம் அரம் போட்டு அழிக்காதீர்கள். கம்பெனியைக் காட்டாது, ஆனால் பிரேஸ் எங்கே வேலை செய்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

பெயரே இல்லாவிட்டால்

எல்லா இடமும் தேடியும் ஒன்றும் இல்லை என்றால், நிறைய பிரேஸ் அப்படித்தான். ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானின் நாகௌர் என்று வடக்கே கைக்கருவி செய்யும் ஊர்கள் இருக்கின்றன, அங்கே மேல்நாட்டு மாதிரியை வைத்துச் செய்த சரக்கு நாடு முழுக்கப் பரவியது. கம்பியில் பூச்சுக்குப் பதில் பெயின்ட், தாடை முரடு, ராட்செட் பல் ஒரே சீராக இல்லாமல் இருப்பது என்று மூன்றும் சேர்ந்தால் நான் உள்நாட்டுப் பக்கம்தான் சாய்வேன். ஐ.எஸ்.ஐ. குறி இருந்தால் 1950களின் நடுவுக்கு அப்புறம் என்பது நிச்சயம். இதில் கேவலம் ஒன்றும் இல்லை, இந்தப் பிரேஸில்தான் நம்ம வீடுகளின் பாதிக் கதவு நிலை நின்றிருக்கும்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். பார்பர் சக், முதலைப் பல் தாடை, திறந்த ராட்செட், மஞ்சள் சாயல் நிக்கல், அளந்தால் 10 அங்குலம், கருவேலக் குமிழ், கூட்டல் தலை ஸ்குரூ, கம்பியில் புள்ளியாகக் குத்திய தெலுங்கு எழுத்து, வேறு எழுத்து எதுவும் இல்லை. இதற்கு என் பதில்: குமிழ் நம்ம ஊர், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தெலுங்கு எழுத்து சொந்தக்காரர். சக் 1864க்கு அப்புறம், தாடையைப் பார்த்தால் அதற்கும் பிந்தி, பூச்சைப் பார்த்தால் குரோம் பரவுவதற்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் நிக்கல் பின்னாலும் பூசினார்கள் என்பதால் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆக 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி, அமெரிக்க அல்லது ஆங்கிலேயப் பாணி, கம்பெனி தெரியவில்லை. இதற்கு மேல் ஒரு பெயரை ஒட்டவைத்தால் அது ஊகம், விற்கிறவர்தான் அதைச் செய்வார். இன்னும் போக வேண்டும் என்றால் பழைய ஹார்டுவேர் கேட்டலாக்குகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்து கிடக்கின்றன, ராட்செட் வளையத்தின் வடிவத்தையும் ஓட்டின் கோடுகளையும் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். பொறுமை இருப்பவர்களுக்கு மழைநாள் வேலை.

யாரிடமாவது கேட்பதாக இருந்தால் முழுப் பிரேஸின் படம் ஒன்று மட்டும் அனுப்பி "அண்ணா இது என்ன கம்பெனி" என்று கேட்காதீர்கள், அதில் எல்லாப் பிரேஸும் ஒரே மாதிரிதான் தெரியும். சக் கழற்றி தாடை தனியாக, ராட்செட் கிட்டத்தில், குமிழின் அடிப்பக்கம், எழுத்து இருக்கும் இடம் பக்கவாட்டு வெளிச்சத்தில், கூடவே அளவு. இவ்வளவும் இருந்தால் தெரிந்தவர் சட்டென்று சொல்லிவிடுவார்.

சந்தையில் இன்னும் வாங்காமல் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றால், பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டைச் சுற்றித் தாடை இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், கம்பியை உருட்டி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், ராட்செட்டை இரண்டு பக்கமும் போட்டுச் சுற்றிப் பாருங்கள், குமிழை ஆட்டிப் பாருங்கள். தாடை இல்லாத ஸ்டான்லியைவிடத் தாடை இருக்கிற பெயரில்லாதது மேல். பழைய இரும்புக்காரர் எப்படியும் கிலோ கணக்கில்தான் விலை சொல்லுவார், பெயரைச் சத்தமாகப் படிக்காமல் இருந்தால் போதும்.